வலது காதில் வெட்டு

என் அக்காவை எல்லோரும் எலிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பாள். அவளுக்குக் கோபமே வராது, எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். "எலி பிடிச்சா எலிக்காரின்னா, ஊர் வம்பு பிடிக்கிற உனக்கு என்ன பேர் வைக்கலாம்?" என்று மீன் கடைக்காரியிடம் ஒரு தடவை சண்டைக்கே போயிருக்கிறேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இத்தனைக்கும் அவள் எலியைக் கொல்கிறவள் இல்லை. பிடிப்பாள், பார்ப்பாள், விட்டுவிடுவாள். கரையில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் தரை துடைக்கத்தான் சேர்ந்தாள். ஒரு நாள் பெட்டியிலிருந்து தப்பி அலுவலகத்துக்குள் ஓடிய மூஞ்சூறு ஒன்றைத் தன் கழுத்துத் துணியைப் போட்டு அமுக்கிப் பிடித்தாள். அது விரலைக் கடித்து ரத்தம் வந்தும் விடவில்லை. உடனே அவளைத் தீவுகளுக்குப் போகும் குழுவில் சேர்த்துவிட்டார்கள். கடல்நாய்க் குட்டிகளை எண்ணுவது, நீர்நாய் எங்கே வளை போட்டிருக்கிறது என்று தேடுவது, எலிப் பெட்டி வைப்பது எல்லாம் அவள் வேலை. அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு ஒரு கண்ணாடிக் கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் பையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போன மனுஷன் போனவர்தான். அக்கா அந்த மீதி டீயையும் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

அவள் வேலை செய்யும் விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தகரப் பெட்டிக்குள் கொஞ்சம் தானியமும் ஒரு பிடி பஞ்சும் வைப்பாள். எதற்கு அக்கா பஞ்சு என்றால், "ராத்திரி முழுக்க உள்ள கெடக்கும், குளிராதா?" என்பாள். விடிந்ததும் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் திறப்பாள். எலியைத் துணிப்பைக்குள் விட்டு, கழுத்துத் தோலைப் பிடித்து, ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாள். பிறகு சின்னக் கத்தரியால் காது ஓரத்தில் ஒரு வெட்டு. அடுத்த தடவை அதே எலி மாட்டினால் ஏற்கெனவே பார்த்தது என்று தெரிய வேண்டுமே, அதற்கு. பெரிய தீவில் பிடித்த எலிக்கு வலது காது, நாங்கள் இருக்கும் சின்னத் தீவில் பிடித்ததற்கு இடது காது. இந்த ஏற்பாட்டை அவளேதான் வைத்துக்கொண்டாள். வெட்டியதும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவாள்.

பெரிய தீவில் எலிகளுக்கு ஒரு வைரஸ் இருந்தது. எலியை அது ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் மூத்திரமும் புழுக்கையும் காய்ந்து தூசியாகி, அந்தத் தூசி மனுஷன் மூக்குக்குள் போனால் காய்ச்சல் வரும், இடுப்பு முறிகிற மாதிரி வலிக்கும், பிறகு சிறுநீரகம் நின்றுபோகும். அங்கே கட்டட வேலைக்கு வந்தவர்கள் தங்கியிருந்த விடுதியில் இரண்டு பேர் அப்படித்தான் செத்துப்போனார்கள். விடுதியை இழுத்து மூடினார்கள். அக்காதான் அந்த அறைகளில் கட்டிலுக்கடியில் பெட்டி வைத்து எலி பிடித்தாள்.

எங்கள் சின்னத் தீவு சுத்தம். வருஷா வருஷம் அக்கா பார்த்துச் சொன்னது அது. நடுவில் இருக்கும் கடலை நீர்நாய் நீந்திவிடும், அவ்வளவு தூரம் எலி நீந்தாது. நானும் என் வீட்டுக்காரரும் தீவில் நாலைந்து அறை கட்டி, கடல்நாய் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். "இங்க அந்தக் காய்ச்சல் இருக்கா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "என் அக்காவே பார்த்துச் சொன்னது, நிம்மதியாத் தூங்குங்க" என்பேன். அவர்களும் தூங்குவார்கள். அக்கா சொன்னால் நிலையத்திலும் மறுபேச்சு கிடையாது. "எலிக்காரி சொல்லிட்டாளா? அப்ப சரி" என்பார் அங்கே இருக்கும் பெரிய டாக்டர். ஊர் கிண்டல் பண்ணட்டும், அவள் வாய்ச்சொல்லுக்கு அப்படி ஒரு மரியாதை இருந்தது. அவளுக்கென்று இருந்த சொத்தும் அது ஒன்றுதான்.

இனி எங்கள் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கினாலே எனக்கு வாய் கசக்கிறது.

அண்ணனுக்கு ஒரு மோட்டார் படகு. நிலையத்து ஆட்களைத் தீவுகளுக்கு ஏற்றிப்போய்க் கொண்டுவந்து விடுவது அவன்தான். அக்கா வாங்கிக் கொடுத்த வேலை. ஆள் வாயைத் திறந்தால் தேன். எங்கே போனாலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் நகர்வான். அப்பா போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் தூக்கி வளர்த்தவன், அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குளிர் காலத்தில் விடிகாலையில் அக்கா படகில் ஏறினால் தன் கோட்டைக் கழற்றி அவள் மேல் போட்டுவிட்டு, "எலிகள் எல்லாம் எழுந்து பல் தேய்ச்சிருக்குமா தங்கச்சி?" என்று கேட்பான். அவள் சிரித்துக்கொண்டே போவாள்.

மூடிய விடுதியில் இருந்த மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றையும் குழி தோண்டி எரிக்க வேண்டும் என்று நிலையத்தில் முடிவு செய்தார்கள். அண்ணனிடம் முகமூடி, கையுறை, மண்ணெண்ணெய் எல்லாம் கொடுத்து அந்த வேலையை ஒப்படைத்தார்கள். அன்றைக்கு அக்கா கரையில் நின்றிருந்தாள். பெரிய தீவிலிருந்து கரும்புகை எழுந்ததைக் கண்ணால் பார்த்தாள். "எரிச்சாச்சு, புகையை நானே பார்த்தேன்" என்று டாக்டரிடம் போய்ச் சொன்னவளும் அவள்தான்.

கொஞ்ச நாள் கழித்து அண்ணன் எங்கள் தீவுக்கு வந்தான். படகு நிறைய மெத்தை. நீலக் கோடு போட்ட, கனமான, நல்ல மெத்தைகள். என் அறைகளில் இருந்ததெல்லாம் படுத்தால் பலகை உறுத்தும். விருந்தாளிகள் முணுமுணுப்பதை அவனிடம் பலமுறை சொல்லிப் புலம்பியிருக்கிறேன்.

"டவுன்ல ஒரு ஓட்டலை இடிக்கிறாங்க. சும்மா தூக்கிப் போடறானுங்க. என் தங்கச்சிக்கு ஆகும்னு ஏத்திக்கிட்டு வந்துட்டேன்" என்றான்.

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. காசு வாங்கிக்கொள் என்றேன். "போடி, உங்கிட்டயா?" என்று என் தலையில் தட்டினான். விற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், திருட்டுப்பயல் என்று திட்டிவிட்டுப் போயிருப்பேன். சும்மா கொடுத்தான். மெத்தையெல்லாம் ஒரே வாசனைத் தூள் மணம். ஓட்டல் சாமான் என்றால் அப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் மோந்து மோந்து பார்த்தார்.

எங்கள் வீட்டில் தூசியை உலர வைத்துப் பெருக்கவே கூடாது. அக்காவின் சட்டம். கிருமி மருந்து கலந்த தண்ணீரைத் தெளித்து, நனைந்த பிறகுதான் துணியால் துடைக்க வேண்டும். பெரிய தீவிலிருந்து ஒரு கயிறு வந்தாலும் அதே கதைதான். ஆனால் இது டவுன் சாமான். என் வீட்டுக்காரர் மெத்தைகளை முற்றத்தில் கொடியில் போட்டு, ஒரு தடியை எடுத்து வெளுத்து வாங்கினார். தூசி மேகமாகக் கிளம்பியது. அண்ணன் அந்த நேரம் அங்கேதான் இருந்தான். காற்று வரும் பக்கமாக விலகிப்போய் நின்றுகொண்டு, "மச்சான், விடுங்க, போதும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவர் தும்மிக்கொண்டே சிரித்தார். "உங்க பெரிய தங்கச்சி வந்து பார்த்தா பத்தாதும்பா" என்றார்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவருக்கு முதுகுவலி போனது. எத்தனையோ வருஷமாகப் பலகையில் படுத்த உடம்பு. ஓர அறை மெத்தையை விருந்தாளிக்குக் கொடுக்காமல் தனக்கென்று வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி, கண் சிவப்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நடந்தார். அண்ணன்தான் படகில் கரைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். சின்ன ஆஸ்பத்திரி. இருந்த டாக்டர் இளவயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார். எந்தத் தீவிலிருந்து வருகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். அதற்குள் அக்கா ஓடி வந்துவிட்டாள். கட்டிலின் ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அக்கா, அவளுக்குப் பக்கத்தில் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணன்.

"எலி வைரஸ் காய்ச்சலா இருக்குமோன்னு பார்க்கணும். ரத்தத்தைப் பெரிய நகரத்துக்கு அனுப்பலாம். அங்கேயே ஆளையும் அனுப்பிடறது நல்லது" என்றார் டாக்டர்.

"அது பெரிய தீவுலதான் டாக்டர். இவர் அங்க காலே வைக்கல. சின்னத் தீவு சுத்தம். நான் நிலையத்து ஆள், போன தடவையும் நானே பார்த்தேன்" என்றாள் அக்கா.

"நீங்க அந்த எலி... அந்த அம்மாவா? நீங்களே சொன்னா சரிதான்" என்றார் டாக்டர். வேறு ஏதோ தொற்று என்று நினைத்து மருந்து எழுதினார், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றச் சொன்னார். சிறுநீரகம் நிற்கப்போகிற உடம்புக்கு அளவில்லாமல் தண்ணீர் ஏற்றக் கூடாது என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். பிறகு வெளியே போய் ஆரஞ்சு வாங்கி வந்தான்.

தினமும் வந்தான் பாவி. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பான், நாரெல்லாம் எடுத்துச் சுளை சுளையாகத் தட்டில் வைத்து உள்ளே அனுப்புவான். நர்சுகள் எல்லாம், "இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைக்கும்?" என்றார்கள். எனக்குப் பெருமை வேறு. என் வீட்டுக்காரர் முகம் அதற்குள் உப்பிப்போயிருந்தது. சிறுநீர் சரியாகப் போகவில்லை. "வீட்டு மெத்தைல படுத்தாத் தேவல போல இருக்கு" என்றார் என்னிடம். "உங்கண்ணன்கிட்டச் சொல்லு, மெத்தை ரொம்ப நல்லா இருக்குன்னு. நான் ஒரு வார்த்தை நன்றின்னு சொல்லல, மறந்தே போச்சு." சரி, சொல்கிறேன் என்றேன்.

அக்காவுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. "அந்த வலி... விடுதியில செத்தவங்களுக்கும் இப்படித்தான்னு சொன்னாங்க" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். கடைசியில், "நான் போய் நம்ம தீவுல பெட்டி வெச்சுப் பார்த்துட்டு வந்துடறேன். இல்லேன்னு தெரிஞ்சா நிம்மதி" என்றாள். அண்ணனிடம் படகு கேட்டாள். இன்ஜினில் கோளாறு என்றான். மறுநாள் கேட்டாள். கடல் சரியில்லை என்றான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கடல் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு மீன்காரர் படகில் ஏறிப் போனாள்.

இனி நடந்தது அக்கா என்னிடம் சொன்னது. எங்கள் வீட்டைச் சுற்றிப் பெட்டி வைத்தாள். விடிந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். சில பெட்டி காலி, ஒன்றில் இடது காது வெட்டிய பழைய ஆள். ஓர அறைச் சுவருக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி கனத்தது. எலியைத் துணிப்பைக்குள் விட்டுக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். வலது காதில் வெட்டு.

அவளே போட்ட வெட்டு. அவளுக்குத் தெரியாதா? கையில் எலியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். எங்கே இருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை, எப்படி வந்தது என்பதுதான் புரியவில்லை. எழுந்து ஓர அறைக்குள் போனாள். அண்ணன் மெத்தை கொடுத்தான் என்று நான் அவளிடம் சொல்லியிருந்தேன், அவள் பார்த்ததில்லை. நீலக் கோடு. மூடிய விடுதியில் அந்த மெத்தைக்கு அடியில்தான் மண்டி போட்டுப் பெட்டி வைத்திருக்கிறாள், மறக்குமா? புரட்டிப் பார்த்தாள். மூலையில் ஒரு ஓட்டை, உள்ளே பஞ்சைக் கிழித்துக் கட்டிய கூடு. அந்தக் கூட்டில் அவள் பெட்டிக்குள் வைக்கிற வெள்ளைப் பஞ்சும் கொஞ்சம் இருந்ததாம்.

நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். செருப்புகூட மாற்றவில்லை, ரப்பர் பூட்சோடு வந்தாள். அண்ணன் வாசல் பெஞ்சில் ஆரஞ்சோடு இருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. நானும் அப்போது வெளியே வந்தேன்.

"வலது காது" என்றாள் அக்கா.

அவன் எழுந்து அவள் கையைப் பிடித்தான். "சத்தியமா நான் ஒரு எலியக்கூடப் பார்க்கல தங்கச்சி. வெயில்ல காய வெச்சேன். தூள் போட்டேன். நல்ல மெத்தைம்மா, எரிக்க மனசு வரல. பழசு ரெண்டைப் போட்டு எரிச்சேன்."

"டாக்டர்கிட்ட இந்தத் தீவு சுத்தம்னு நான் சொன்னப்ப நீ என் பக்கத்துல நின்னே."

"பயமா இருந்துச்சு. படகு போயிடும், ஜெயில்ல போட்டுடுவாங்க. நாளைக்குச் சரியாயிடும், நாளைக்குச் சரியாயிடும்னு நெனச்சேன்."

"நான் சொன்னேன். நீ கேட்டுக்கிட்டு நின்னே." அவள் குரல் உயரவில்லை. நான்தான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நர்சு ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதும் அவன் விடவில்லை. அக்கா காதருகே குனிந்தான். "ஒண்ணே ஒண்ணு பண்ணு. டாக்டர்கிட்டச் சொல்லு, சரி. ஆனா ஏதோ சரக்குக் கப்பல்ல வந்திருக்கும்னு சொல்லு. நீ சொன்னா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க." இதைக் கேட்டபோதுதான் அக்கா முதல் தடவையாக அழுதாள். கையை உருவிக்கொண்டு உள்ளே போனாள். அந்த இளவயசு டாக்டரிடம், அண்ணன் காதில் விழும்படி, மெத்தை எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். "முன்னாடி நான் சொன்னது தப்பு. தப்புன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் வாசல்ல நிக்கிறான்" என்றாள்.

அன்றைக்கே அவரை நகரத்துக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினில் போட்டார்கள். இன்னும் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்று அங்கே எல்லோரும் கேட்டார்கள். என்ன பதில் சொல்வது? ஆரஞ்சு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்றா? நுரையீரலிலும் தண்ணீர் கோத்துவிட்டது. என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை.

அம்மா அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். படகு உரிமத்தைப் பிடுங்கி அவனை விசாரணைக்குக் கூட்டிப்போன அன்று, அம்மா அக்காவைத் தேடிக்கொண்டு நிலையத்துக்கே போய்விட்டாள். "ஒரு எலிக்காக உங்கண்ணனைக் காட்டிக் கொடுத்துட்டியேடி" என்றாளாம், எல்லோர் முன்னாலும். அக்கா பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மாவுக்கு உட்கார நாற்காலி போட்டாள். இதையும் அவளேதான் சொன்னாள். அம்மா உட்காரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அம்மாவோடு இன்றுவரை பேசவில்லை. என் மனுஷன் போனது அவளுக்கு எலிக் கணக்கில் போய்விட்டது.

எங்கள் தீவு இப்போது சுத்தம் இல்லை. அறைகளைப் பூட்டிவிட்டேன். மெத்தைகளை அக்காவே முகமூடி போட்டு, மருந்துத் தண்ணீரில் நனைத்து, குழியில் போட்டு எரித்தாள். சாம்பல் ஆகும்வரை நகரவில்லை. நிலையத்தில் அவளை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் யாராவது, "அந்தத் தீவு சுத்தமா?" என்று கேட்டால் இப்போதெல்லாம் அவள் ஆமாம், இல்லை என்று சொல்வதில்லை. "பெட்டியில வந்ததைச் சொல்றேன், வராததை நான் எப்படிச் சொல்றது?" என்கிறாள். எலிகளுக்கு முன்பு போலவே பஞ்சு வைக்கிறாள். படகோட்டவும் கற்றுக்கொண்டுவிட்டாள். யார் கோட்டும் அவளுக்கு வேண்டாம்.

விசாரணை முடிந்து வெளியே வந்த அண்ணன் ஒரு நாள் காலையில் இரவல் படகில் எங்கள் துறைக்கு வந்தான். நானும் அக்காவும் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். ஆள் பாதியாகிவிட்டிருந்தான். படகைக் கட்டாமல் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "ஏறி வரட்டுமா?" என்றான். அக்கா அவனைப் பார்க்கவே இல்லை, ஒவ்வொரு பெட்டியின் மூடியும் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குள் எத்தனையோ வசவு தயாராக இருந்தது. மாதக்கணக்கில் படுக்கையில் புரண்டு புரண்டு கோத்து வைத்த வசவு. அவனைப் பார்த்ததும் அதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நினைவுக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"என் வீட்டுக்காரர் உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார். நான்தான் சொல்லாமலே விட்டுட்டேன்" என்றேன்.

"என்ன சொன்னார்?" என்றான். கண்ணில் ஒரு ஆசை வந்தது, மன்னிப்பு ஏதாவது விட்டுப் போயிருப்பாரோ என்று.

"மெத்தை ரொம்ப நல்லா இருக்காம். நன்றி சொல்லச் சொன்னார்."

"எப்போ சொன்னார்?" என்றான்.

"நீ வாசல்ல உக்காந்து ஆரஞ்சு உரிச்சிக்கிட்டிருந்தப்ப."

கயிறு அவன் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. படகு மெல்ல விலகியது. அவன் எட்டிப் பிடிக்கவில்லை, நாங்களும் பிடிக்கவில்லை. அக்கா இரண்டு பெட்டிகளை என்னிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டாள். "வா, வெயில் ஏறுது, ராத்திரி வெச்ச பெட்டியில எலி தவிக்கும்" என்றாள். நாங்கள் மேலே நடந்தோம்.